இன்ஜினுக்கு அடியில் ஒரு தட்டுத் தணல்

"காலையில வண்டி ஸ்டார்ட் ஆச்சா?"

ஸ்பிதி பள்ளத்தாக்கிலிருந்து வீட்டுக்குப் பேசிய ஒவ்வொரு முறையும் அப்பா முதலில் கேட்டது இதைத்தான். பேத்தி சாப்பிட்டாளா, தூங்கினாளா, மூக்கு ஒழுகுகிறதா என்பதெல்லாம் அம்மாவின் இலாகா. அப்பா ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் ஃபிட்டராக இருந்தவர். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அது எப்போதுமே 'டேங்க் ஃபேக்டரி'தான். 1961இல் தொடங்கி, 1965இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பிய இடம். 2020இல் கிழக்கு லடாக்கின் சீன எல்லையோரம் டி-90 டாங்கிகள் கொண்டுபோய் நிறுத்தப்பட்டதை டி.வி.யில் காட்டியபோது, வீட்டில் எல்லோரும் போர் வருமா என்று பேசிக்கொண்டிருக்க, அப்பா மட்டும், "அந்தக் குளிர்ல ராத்திரி இன்ஜினை எப்படி வச்சிருப்பாங்களோ" என்றார். அவர் தன் வாழ்நாளில் பார்த்த பெரிய குளிர், ஒரு மே மாதத்து ஊட்டி.

எங்கள் பயணத்துக்குக் காரணம் டாங்கி அல்ல. ஒரு சொல்.

மார்கழி விடியற்காலையில் அண்ணனூர் ரயில் நிலையத்தைப் பார்க்க வேண்டும். ஷெட்டிலிருந்து மின்சார ரயில்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருக்கும். பிளாட்பாரத்தில் பாதிப்பேர் மப்ளரில், மீதிப்பேர் மங்கி குல்லாவில். வெப்பநிலை 21 டிகிரி. சென்னையின் பதிவேட்டிலேயே மிகக் குறைந்தது 13.9 டிகிரிதான், அதுவும் நூறு வருடங்களுக்கு முந்தைய கணக்கு. இதை வைத்துக்கொண்டு எங்கள் அம்மா தினமும், "பனி கொட்டுது, தலையை மூடு" என்று பேத்தியை விரட்டுவார். இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஒருநாள் மொட்டை மாடிக்குப் போய் நன்றாகப் பார்த்துவிட்டு வந்து கேட்டாள்: "எங்கே கொட்டியிருக்கு? பொம்மை செய்யணும்."

அவள் புத்தகத்தில் இருக்கும் பனியும் பாட்டி சொல்லும் பனியும் ஒரே சொல்தான். விடிகாலைப் புல்லில் நிற்பதும் பனி, இமயத்தில் மலையளவு கிடப்பதும் பனி. உறைபனி, பனிக்கட்டி, மூடுபனி என்று ஒட்டுப்போட்டுச் சமாளிக்கிறோமே தவிர, நம் மொழிக்கு அந்தப் பொருளோடு தினசரிப் பழக்கம் கிடையாது. ஏழு வயதுக் குழந்தைக்கு இதை வாயால் விளக்க முடியவில்லை. அரையாண்டு விடுமுறையோடு பள்ளியில் நான்கு நாள் விடுப்பும் வாங்கிக்கொண்டு, நானும் கணவரும் அவளும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினோம்.

குளிர்காலத்தில் குழந்தையோடு இமயமலைச் சாலையா என்று கேட்காதவர்கள் இல்லை. கேட்டவர்களில் உருப்படியாகப் பேசியவர், சென்ட்ரல் அருகே பெரியமேடு பக்கம் ஸ்வெட்டர் விற்கும் திபெத்திய அம்மா ஒருவர்தான். குளிர்காலம்தோறும் கடை போட வருபவர். ஸ்பிதி என்றதும் கையிலிருந்த கம்பளிச் சட்டையைத் திரும்ப மடித்து வைத்துவிட்டு, "இது மெட்ராஸ் குளிருக்கு" என்றார். பெரிய கோட்டு ஒன்றைவிட மெல்லிய துணி மூன்று மேல் என்றும், குழந்தைக்குக் கையுறையைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிட வேண்டும் என்றும் சொன்னது அவர்தான். அந்தக் கயிறு இல்லாவிட்டால் இரண்டாம் நாளே ஒரு கையுறை சட்லெஜ் ஆற்றில் போயிருக்கும்.

மெதுவாக ஏறும் வழி

ஸ்பிதியின் தலைநகர் போன்ற காஸாவுக்கு இரண்டு பாதைகள். மணாலியிலிருந்து போனால் சுமார் 200 கிலோமீட்டர்தான். 2020 அக்டோபரில் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கம் அந்த வழியைப் பாதி சுலபமாக்கிவிட்டது. மீதிப் பாதியில் 4,551 மீட்டர் உயரக் குன்ஸும் கணவாய் குறுக்கே நிற்கிறது. குளிர்காலம் முழுக்க அது பனிக்குள் புதைந்து கிடக்கும். இன்னொன்று சிம்லா, ராம்பூர், கின்னோர் வழியாக நானூறு கிலோமீட்டருக்கும் மேல் சுற்றி வருவது. குளிர்காலத்தில் இதுதான் வழி. குழந்தையோடு போகிறவர்களுக்குக் கோடையிலும் இதுதான் வழி என்பேன். குறுக்கு வழி ஒரே நாளில் உங்களை உயரத்தில் தூக்கிப் போட்டுவிடும். இது படிப்படியாக ஏற்றுகிறது.

சண்டிகரில் வாடகைக்கு எடுத்த பொலேரோவின் ஓட்டுநர் கின்னோர்க்காரர். பச்சைப் பட்டை வைத்த கம்பளித் தொப்பி, அதிகம் பேசாத வாய். சொந்தக் காரை ஓட்டிப் போகிற சாகசத்தில் எங்களுக்கு ஆசை இல்லை. சமவெளியில் இருபது வருடம் ஓட்டியவருக்கும் பனிச்சாலை புதுப் பாஷை. முதல் நாளே அவர் ஒரு சட்டம் போட்டார்: காலை பத்து மணிக்கு முன் வண்டி நகராது, மூன்று மணிக்கு மேல் ஓடாது. என் கணவருக்கு இது சோம்பேறித்தனமாகத் தெரிந்தது. மூன்றாம் நாள்தான் அதன் கணக்குப் புரிந்தது. இரவில் சாலையில் கசிந்த நீர் கண்ணாடிபோல உறைந்து கிடக்கும்; மலை நிழல் விழும் வளைவுகளில் அது தார் போலவே கறுப்பாகத் தெரியும், பத்து மணி வெயில் பட்டால்தான் கொஞ்சம் இளகும். பிற்பகலில் வேறு ஆபத்து. பாறை இடுக்கில் புகுந்த நீர் இரவில் உறைந்து விரிந்து கல்லை நெம்பி வைத்திருக்கும். வெயிலில் அந்தப் பனி உருகினால் கல்லுக்குப் பிடிமானம் போய்விடும். காலையில் கீழே வழுக்கல், மாலையில் மேலிருந்து கல். நடுவில் கிடைக்கும் நாலைந்து மணி நேரம்தான் மனிதனுக்கு.

ராம்பூர் தாண்டியதும் சாலை சட்லெஜின் மேல் பாறையைக் குடைந்து போகிறது. சில இடங்களில் பாறையே கூரைபோல வண்டிக்கு மேல் கவிந்திருக்கும். டல்ஹௌசி பிரபு காலத்தில், 1850இல் தொடங்கிய இந்துஸ்தான்–திபெத் சாலையின் வாரிசு இது. தராண்டா என்ற இடத்தில் மலை விளிம்பில் ஒரு தேவி கோயில். ஓட்டுநர்கள் நின்று கும்பிடாமல் கடப்பதில்லை. நம்மூர் ஓட்டுநர்கள் பாடிகாட் முனீஸ்வரருக்குச் சூடம் ஏற்றிவிட்டுப் புது வண்டி எடுப்பதைப் பார்த்த என் மகள், யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டாள். இங்கிருந்து அதிக தூரமில்லை நிகுல்சாரி. 2021 ஆகஸ்டில் அங்கே மலை சரிந்ததில் ஓர் அரசுப் பேருந்து உட்பட வண்டிகள் புதைந்து, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த இடத்தைக் கடக்கும்போது ஓட்டுநர் பாட்டை நிறுத்தினார். காரணத்தை மகள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

2,960 மீட்டர் உயரத்தில் இருக்கும் கல்பாவில் இரண்டு இரவு தங்கினோம். எதிரே கின்னோர் கைலாஷ். பார்க்க வேண்டிய இடம் என்பதால் அல்ல, தங்க வேண்டிய உயரம் என்பதால். மூவாயிரம் மீட்டருக்கு மேல் போனால், படுக்கும் இடத்தின் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. எங்கள் குழந்தை மருத்துவர் இதற்கு மேல் இன்னொன்றும் சொல்லி அனுப்பியிருந்தார்: பெரியவர் தலை வலிக்கிறது என்று சொல்வார், குழந்தை சொல்லத் தெரியாமல் சிணுங்கும். சாப்பாடு வேண்டாம் என்றாலோ, விளையாடாமல் மடியிலேயே கிடந்தாலோ அதைச் சேட்டை என்று நினைக்காதீர்கள்.

கல்பாவில்தான் அவளுக்குப் பனி கிடைத்தது. ஆப்பிள் தோட்டத்து வேலியோரம் முழங்கால் ஆழத்துக்கு. ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தாள். "வாசனையே இல்லை" என்றாள். நம்மூரில் வானத்திலிருந்து எது விழுந்தாலும் மண்வாசனை வரும் அல்லவா? பொம்மை செய்ய முயன்றபோது இன்னொரு ஏமாற்றம். கடுங்குளிரில் பனி உலர்ந்த மாவுபோல இருக்கிறது, பிடித்தால் பிடிபடுவதில்லை. மதிய வெயிலில் சற்று ஈரம் ஏறியபின்தான் கொழுக்கட்டை பதத்துக்கு வந்தது.

பெரிய கோயிலைவிட மூத்த மண்சுவர்

காப் என்ற இடத்தில் திபெத்திலிருந்து வரும் சட்லெஜில் ஸ்பிதி ஆறு கலக்கிறது. அந்தப் பாலம் தாண்டியதும் மரங்கள் முடிந்துவிடுகின்றன. இனி மண்ணும் கல்லும் வானமும்தான். மழை மறைவுப் பகுதி என்பதால் நமக்குத் தெரிந்த பருவமழை இங்கே எட்டிப் பார்ப்பதோடு சரி. பனி வருவது வேறு திசையிலிருந்து. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிளம்பி வரும் மேற்கத்திய இடையூறு என்ற வானிலைதான் கொண்டுவந்து கொட்டுகிறது. அண்ணனூரில் நாங்கள் வங்கக் கடல் தாழ்வு மண்டலத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பதுபோல, இங்கே டீக்கடையில் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

3,280 மீட்டரில் தாபோ. அங்கே ஒரு வீட்டில் இரண்டு இரவு. குளிர்காலத்தில் ஸ்பிதி வீடு ஒரே அறையாகச் சுருங்கிவிடுகிறது. அறை நடுவில் தகரப் புகைபோக்கி வைத்த இரும்பு அடுப்பு, 'தந்தூர்' என்கிறார்கள். சமையல், சாப்பாடு, பாடம், ஊர்க்கதை, தூக்கம் எல்லாம் அதைச் சுற்றித்தான். புகைபோக்கி இருப்பதால் இது பயமில்லை. கரி போட்ட கும்மட்டியை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவதுதான் எமன். குளிருக்குப் பயந்து அதைச் செய்து உயிர்விட்டவர்கள் வட இந்தியாவில் வருடந்தோறும் செய்தியாகிறார்கள்.

அடுத்தது கழிவறை. எந்தப் பயண வீடியோவிலும் இதைக் காட்டுவதில்லை, குழந்தையோடு போகிறவர்களுக்கு இதைவிட முக்கியமான தகவலும் இல்லை. குழாய்கள் உறைந்துவிடுவதால் தண்ணீர்க் கழிவறை மூடப்பட்டுவிடும். மேல்தளத்தில் ஒரு துளை, பக்கத்தில் மண் குவியல், ஒரு மண்வெட்டி. போன பின் மண்ணைத் தள்ளிவிட வேண்டும். கீழே சேர்வது வசந்தத்தில் வயலுக்கு எருவாகும். வாசனை இல்லை, ஈ இல்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு, பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே, ஏழு வயதுக் குழந்தையின் நான்கு அடுக்கு உடையைக் கழற்றி, வேலையை முடித்து, திரும்ப மாட்டுவதற்குள் எங்கள் இருவருக்கும் நடந்த வாக்குவாதத்தை இங்கே எழுத முடியாது. மறுநாள் இரவு வீட்டுக்கார அம்மா சிரித்துக்கொண்டே ஒரு பழைய பெயின்ட் டப்பாவை அறைக்குள் வைத்துவிட்டுப் போனார்.

அந்த ஊர்ப் பொதுக்குழாயில் இரவும் பகலும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்து வளர்ந்த எனக்குக் கை பரபரத்தது. போய் மூடியே விட்டேன். ஒரு பாட்டி ஓடிவந்து திறந்தார். நின்றால் உறைந்துவிடும், உறைந்தால் குழாய் வெடித்துவிடும். சென்னையில் பாவம் என்று கற்ற காரியம் இங்கே புத்திசாலித்தனம்.

தாபோ மடம் கி.பி. 996இல் எழுந்தது. தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் பதினான்கு வருடம் மூத்தது. ராஜராஜன் கருங்கல்லை மலையாக அடுக்குவதற்குக் கொஞ்ச காலம் முன், இவர்கள் பச்சை மண்ணைக் குழைத்துச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். 1975 ஜனவரி 19 அன்று கின்னோரை உலுக்கிய நிலநடுக்கத்தில் அடிபட்டும் நிற்கிறது. உள்ளே இருட்டு. சுவர் முழுக்க ஆயிரம் வருட ஓவியங்கள். படம் எடுக்கத் தடை. டார்ச் வெளிச்சம் பட்ட இடத்தில் ஒரு முகம், நகர்த்தினால் இன்னொரு முகம். திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலில் எருக்கந்தூணைத் தொட்டுப் பார்த்து வளர்ந்தவள் என் மகள். அவள் தன்னிச்சையாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "தொட்டா உதிர்ந்துடும்மா."

பஸ் போச்சா?

காஸா, 3,650 மீட்டர். மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் சென்னையில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். போய்ச் சேர்ந்த அன்று மாலையே மகள் சூப்பைத் தள்ளி வைத்தாள். தந்தூர் பக்கத்தில் சுருண்டு படுத்துக்கொண்டு, கூப்பிட்டால் 'ம்' என்றாள். டாக்டர் சொல்லி அனுப்பியது அதேதான். அங்கிருந்த அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். விரலில் கருவி மாட்டிப் பார்த்தார்கள். லேசான உயர பாதிப்புதான். வெந்நீர் கொடுங்கள், நாளை இதற்கு மேல் ஏறாதீர்கள், ராத்திரி வாந்தி வந்தாலோ, நடை தடுமாறினாலோ விடியும் வரை காத்திராமல் தாபோவுக்கு இறக்கிவிடுங்கள் என்றார்கள். உயரத்து நோய்க்கு முதல் மருந்து இறங்குவதுதான். அன்றிரவு ஓட்டுநர் உடையைக்கூட மாற்றாமல் அடுத்த அறையில் படுத்திருந்தார்.

இறங்க வேண்டி வரவில்லை. காலையில் பசிக்கிறது என்று எழுந்தாள். ஆனால் 4,400 மீட்டரில் 1983 முதல் இயங்கும் ஹிக்கிம் அஞ்சலகத்துக்குப் போய்த் தாத்தாவுக்குக் கார்டு போடும் திட்டம் அதோடு ஒழிந்தது. காஸா பஜாரிலிருந்தே போட்டோம். அந்த உயரத்து அஞ்சல்பெட்டியின் முன் கைக்குழந்தையை நிறுத்தி எடுக்கும் ரீல்ஸ்களைப் பார்த்தால் இப்போது எனக்குக் கோபம் வருகிறது. குழந்தைக்கு அது அஞ்சல்பெட்டி என்றே தெரியாது. கிப்பர் பக்கம் பனிச்சிறுத்தை பார்க்கும் ஆசையையும் அப்படியே மடித்து வைத்தோம்.

அவளுக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. காஸாவில் தண்ணீரைத் தேக்கி உறையவைத்த மைதானத்தில் பிள்ளைகள் ஐஸ் ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். 2022 ஜனவரியில் பெண்களுக்கான தேசிய ஐஸ் ஹாக்கிப் போட்டி நடந்த ஊர் அது. விளிம்பில் நின்றிருந்தவளை ஒரு சிறுமி கையைப் பிடித்து இழுத்துப்போய், கவிழ்த்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொடுத்துத் தள்ளச் சொன்னாள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. நாற்காலியைத் தள்ளியபடி ஒரு சுற்று வந்தவள் விழுந்து எழுந்து, "இன்னொரு வாட்டி" என்று தமிழிலேயே கேட்டாள். அந்தச் சிறுமிக்குப் புரிந்துவிட்டது.

கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு பனி கொட்டியது. காலையில் பொலேரோ இருந்த இடத்தில் ஒரு வெள்ளை மேடு. சாலை திறந்திருக்கிறதா என்று அறிய அங்கே யாரும் போனில் ஆப் பார்ப்பதில்லை. "பஸ் போச்சா?" என்று கேட்கிறார்கள். ரெக்காங் பியோ போகும் அரசுப் பேருந்து புறப்பட்டால் வழி உண்டு. அன்று போகவில்லை. வழியில் மல்லிங் ஓடைப் பக்கம் மண்ணும் பனியும் சரிந்து கிடப்பதாகச் செய்தி. எல்லைச் சாலை நிறுவனத்தின் புல்டோசர்கள் போயிருப்பதாக அடுத்த செய்தி. திரும்பிப் போக எடுத்திருந்த விமான டிக்கெட்டை நினைத்து நாங்கள் இருவரும் ஜன்னலுக்கும் அடுப்புக்குமாக நடந்தோம். ஊர்க்காரர்கள் சீட்டாடினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து ஆவடிச் சாலைகளெல்லாம் ஏரியானபோது இதேபோலத்தான் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தோம். ஆனால் அன்று சீட்டாடத் தோன்றவில்லை, யார்மீதாவது கோபப்பட்டுக்கொண்டிருந்தோம். என் மகள் வீட்டுக்காரப் பையனோடு சோளப்பொரி தின்றபடி அவனுக்கு 'அ, ஆ' எழுதிக் காட்டினாள்.

அந்த நாள் மாலை சிக்னல் கிடைத்தபோது அப்பாவிடம் பேசினேன். ஒரு நாள் வீணாகப் போய்விட்டது என்றேன். அதற்கு அவர் 1948 காஷ்மீர்ப் போர்க் கதையை எடுத்தார். தொழிற்சாலையில் சேர்ந்த காலத்தில் கேட்டதாம். ஸோஜி லா கணவாயில் எதிரி உட்கார்ந்திருக்கிறான், லடாக்குக்கு வேறு வழியில்லை. பதினோராயிரம் அடிக்கு மேல் டாங்கி ஏறும் என்று உலகத்தில் யாரும் நினைக்காத காலம். கழுதைப் பாதையைச் சாலையாக்கியது ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ், நம் பக்கத்துத் தம்பிகள். அந்தப் பாதையில் நவம்பர் 1ஆம் தேதி தளபதி திம்மையாவின் ஸ்டூவர்ட் டாங்கிகள் பனியில் ஏறின. "தென்னங்கீத்து வெயில்ல வளர்ந்த பசங்க அங்க நின்னு ரோடு போட்டிருக்காங்க. நீ ஹீட்டர் பக்கத்துல உக்காந்துகிட்டு ஒரு நாள் வீணாச்சுங்கற" என்றார். பிறகு வழக்கமான கேள்வி: "ஸ்டார்ட் ஆச்சா?"

ஆனது, மறுநாள் ஒன்பதரை மணிக்கு. கடுங்குளிரில் சாதாரண டீசலில் இருக்கும் மெழுகு திரண்டு வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். பூஜ்யத்துக்கு 33 டிகிரி கீழேயும் உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019இல் கொண்டுவந்தது இதற்காகத்தான். டீசல் போதாதென்று, இன்ஜின் அடியிலிருக்கும் ஆயிலும் இரவெல்லாம் கெட்டிப்பட்டு வெல்லப்பாகாகிவிடும். அதற்கு ஓட்டுநரிடம் இருந்தது பாட்டன் காலத்து வைத்தியம். தந்தூரிலிருந்து தணலை ஒரு இரும்புத் தட்டில் வாரி எடுத்துவந்து, பனியைச் சுரண்டிவிட்டு, வண்டிக்கு அடியில் தள்ளினார். மேலே கம்பளி. மெல்ல ஆவி கிளம்பியது.

என் மகள் ரொம்ப நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, வண்டிக்கு சாம்பிராணி போடுறாங்களா?"

மொழிபெயர்க்க முயன்றேன். குழந்தையைக் குளிப்பாட்டி, கூடையில் தணல் வைத்துத் தலைமுடி காயவைப்பதை அரைகுறை இந்தியில் கையைக் காலை ஆட்டிச் சொன்னேன். பத்து நாளில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். பேருந்து போன தடத்திலேயே, சக்கரத்தில் சங்கிலி கட்டி, பிரேக்கைத் தொடாமல் முதல் கியரில் இறங்கினோம். மல்லிங்கில் ஒரு மணி நேரம் நின்றோம். விமானம் போயே போய்விட்டது.

அண்ணனூர் வந்து சேர்ந்த இரவு, கார்டு இன்னும் வந்திருக்கவில்லை. அப்பா தூங்காமல் காத்திருந்தார். பேத்தியை மடியில் உட்காரவைத்துக்கொண்டு விசாரணையைத் தொடங்கினார். தட்டு எவ்வளவு பெரிசு? இரும்பா, தகரமா? எத்தனை நிமிஷம் வச்சிருந்தாங்க? டேங்குக்கு நேரா வச்சாங்களா, ஆயில் சம்புக்கு நேரா வச்சாங்களா?

அவள் யோசித்தாள்.

"முதல்ல மாமா அதுல கையைக் காய வச்சுக்குவாரு தாத்தா. அப்புறம் என் கையை. அதுக்கப்புறம்தான் வண்டிக்கு."